பெயர் போன நாடகம்

எழுதியவர் சிறைக்குப் போனார். அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவரின் மகன் அதே நாடகத்தைப் படமாக்கினார். எழுபது ஆண்டுகள் கடந்தும் சிரிக்க வைக்கும் ‘ஏர்னெஸ்ட்’டின் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

நாடக அரங்கு ஒன்றின் மாடத்துக்கு ஓர் ஆணும் பெண்ணும் வந்து அமர்கிறார்கள். விருந்துக்குப் போகும் உடை, கையில் நிகழ்ச்சித் தாள். பெண் தன் சிறிய இரட்டைக் கண்ணாடியை எடுத்துக் கண்ணருகே பிடிக்கிறாள். மேடையில் திரை உயர்கிறது. ஆந்தனி அஸ்க்வித் இயக்கி 1952-ல் வெளிவந்த ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் ஏர்னெஸ்ட்’ படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சினிமாவுக்கு வந்தவரிடம், நீங்கள் பார்க்கப் போவது நாடகம் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார் இயக்குநர். மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் துளியும் இல்லை.

‘நாடகத்தை அப்படியே படம் பிடித்திருக்கிறார்கள்’ என்பது சினிமா விமர்சனத்தில் பழைய வசவு. இந்தப் படத்துக்கும் அது கிடைத்தது. ஆனால் ஆஸ்கர் வைல்டின் இந்த நாடகம் எப்போது மேடை ஏறினாலும், திரைக்கு வந்தாலும், அளவுகோலாக எடுத்து வைக்கப்படுவது 95 நிமிடம் ஓடும் இந்தப் பழைய வண்ணப் படம்தான். ஏன்? பாதிப் பதில் நாடகத்தின் இயல்பில் இருக்கிறது. மறு பாதி இயக்குநர் பிறந்த வீட்டில்.

ஒரு பெயர், இரண்டு வாழ்க்கை

கதை நூல் இழை போல மெலிந்தது. கிராமத்தில் ஜாக் வொர்திங் மரியாதைக்குரிய பெரிய மனிதன். சிசிலி என்ற இளம்பெண்ணுக்குக் காப்பாளன். எந்நேரமும் ஒழுக்க சீலனாக இருப்பது களைப்பூட்டும் வேலை ஆதலால், லண்டனில் தனக்கு ஏர்னெஸ்ட் என்றொரு ஊதாரித் தம்பி இருப்பதாகக் கதை கட்டுகிறான். தம்பியைத் திருத்தப் போகிறேன் என்று ரயிலேறுவான். லண்டனில் இறங்கியதும் அவனே ஏர்னெஸ்ட். நண்பன் அல்ஜெர்னானின் பொய் நேர் எதிர்த்திசையில் போகிறது. அவனுக்குக் கிராமத்தில் பன்பரி என்ற தீராத நோயாளி நண்பன். பிடிக்காத விருந்து வரும்போதெல்லாம் பன்பரிக்கு உடம்பு மோசமாகிவிடும்.

ஜாக் காதலிக்கும் குவெண்டலினுக்கு ஏர்னெஸ்ட் என்ற பெயருள்ளவனைத்தான் மணப்பேன் என்ற வைராக்கியம். ஏர்னெஸ்ட் என்று சொல்லிக்கொண்டு அல்ஜெர்னான் கிராமத்துக்குப் போக, சிசிலிக்கும் அதே பெயரின் மீதுதான் மோகம். இரண்டு இளைஞர்களும் தனித்தனியே பாதிரியாரிடம் போய், புதிதாக ஞானஸ்நானம் செய்து ஏர்னெஸ்ட் என்று பெயர் வைக்கும்படி கேட்கிறார்கள். குவெண்டலினின் தாய் லேடி பிராக்னெல் குறுக்கே நிற்கிறார். ஜாக்குக்குத் தாய் தந்தை யாரென்றே தெரியாது. விக்டோரியா ரயில் நிலையத்தில் பயணிகள் பொருள் வைக்கும் அறையில், ஒரு கைப்பைக்குள் கண்டெடுக்கப்பட்ட குழந்தை அவன். கடைசியில் சிசிலியின் ஆசிரியை மிஸ் பிரிசம் அந்த மர்மத்தை அவிழ்க்கிறாள். பல ஆண்டுகளுக்கு முன் தான் எழுதிய நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தள்ளுவண்டியிலும் குழந்தையைப் பையிலும் மாற்றி வைத்த புண்ணியவதி அவளே. ஜாக் உண்மையில் லேடி பிராக்னெலின் சகோதரி மகன், அல்ஜெர்னானின் அண்ணன். பிறந்தபோது வைத்த பெயர்? ஏர்னெஸ்ட்! இத்தனை நாள் பொய் என்று நினைத்துச் சொன்னதெல்லாம் மெய்யாகிவிடுகிறது.

‘ஏர்னெஸ்ட்’ என்று சொன்னால் ஆங்கிலக் காதுக்கு இரண்டு கேட்கும். ஒன்று ஆண்பிள்ளைப் பெயர். மற்றொன்று நேர்மையும் சிரத்தையும் சேர்ந்த குணம். எழுத்தில் சிறு வேறுபாடு, ஒலியில் இல்லை. மொழிபெயர்ப்பாளர்களை இது பாடாய்ப் படுத்தியிருக்கிறது. ஜெர்மானியருக்கு அதிர்ஷ்டம்: எர்ன்ஸ்ட் என்ற பெயரும் அதே பொருளுள்ள சொல்லும் அவர்கள் மொழியிலேயே உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ‘கான்ஸ்டன்ட்’ என்ற பெயரைப் பிடித்தார்கள். நிலை மாறாதவன் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. தமிழில் நாயகனுக்குச் சத்தியன் என்று பெயர் சூட்டிச் சமாளிக்கலாம். காளமேகத்தின் சிலேடையில் பழகிய காதுக்கு வேறொன்றும் தோன்றும். ‘பெயர் போனவர்’ என்றால் புகழ் பெற்றவர். பெயரைப் பறிகொடுத்தவர் என்றும் பிரிக்கலாம். வைல்டுக்கு இரண்டும் பொருந்தும்.

மாப்பிள்ளை விசாரணை

‘காமெடி ஆஃப் மேனர்ஸ்’ என்று ஆங்கில இலக்கியம் வகைப்படுத்தும் நாடகங்களை மேட்டுக்குடி ஆசார நகைச்சுவை எனலாம். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் காங்ரீவ், 18-ம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ஷெரிடன் என்று வரும் வரிசையில் வைல்ட் சிகரம். இந்த வகையில் வழுக்கி விழும் சிரிப்பு குறைவு. வில்லனும் கிடையாது. எதைச் சொல்லலாம், எந்தக் கோப்பையில் எத்தனை சர்க்கரை போடலாம், யார் வீட்டில் யார் உட்காரலாம் என்ற விதிகள்தான் வில்லன் வேலையைச் செய்கின்றன. அந்த விதிகளை மனிதர்கள் முழுத் தீவிரத்தோடு பின்பற்றும்போது சிரிப்பு வருகிறது.

நாடகத்தின் உச்சக் காட்சி ஒரு பேட்டி. லேடி பிராக்னெல் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்து ஜாக்கை விசாரிக்கிறார். வயது என்ன, வருமானம் எவ்வளவு, அது நிலத்திலிருந்தா முதலீட்டிலிருந்தா, லண்டன் வீடு எந்தத் தெருவில், தெருவின் எந்தப் பக்கம், அரசியல் எது, பெற்றோர் யார்? ஆண்டுக்கு ஏழாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் இடைப்பட்ட பவுன் என்றதும் முகம் மலர்கிறது. கைப்பை என்றதும் கதவு சாத்தப்படுகிறது. ஜாதகக் கட்டு ஒன்றைத் தவிர மற்றபடி இந்தக் காட்சியை இந்தியக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு சிசிலியை அலட்சியமாகப் பார்க்கும் அதே சீமாட்டி, அவள் பெயரில் அரசாங்கப் பத்திரங்களில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பவுன் இருப்பது தெரிந்ததும் திரும்ப உட்காருகிறார். பெண்ணின் பக்கவாட்டு முகம் உடனே அழகாகிவிடுகிறது.

இந்தியாவும் இந்த நாடகத்தில் எட்டிப் பார்க்கிறது. ஜாக்கின் தந்தை ஜெனரல் மான்கிரிஃப் கொஞ்சம் கிறுக்குத்தனமாக நடந்துகொண்டதற்கு லேடி பிராக்னெல் சொல்லும் காரணங்களில் இந்தியத் தட்பவெப்பமும் ஒன்று. கல்யாணமும் அஜீரணமும் மற்றவை. இன்னொரு இடத்தில் சிசிலி பொருளாதாரப் பாடம் படிக்க வேண்டும். ரூபாயின் வீழ்ச்சி பற்றிய அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடும்படி மிஸ் பிரிசம் சொல்கிறாள். இளம்பெண்ணுக்கு அது மட்டுமீறிய பரபரப்பாம்.

அன்றைய பார்வையாளர்கள் அதற்குச் சிரித்ததற்குக் காரணம் உண்டு. வெள்ளி விலை சரிந்ததால், 1870-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் பெறுமானம் இருந்த ரூபாய் 1894-95 வாக்கில் ஒரு ஷில்லிங் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. 1893-ல் இந்திய நாணயச் சாலைகள் தனியாரின் வெள்ளியை வாங்கி நாணயம் அடித்துத் தருவதை அரசு நிறுத்தியது. ரூபாயில் சம்பளம் வாங்கி லண்டனில் குடும்பம் நடத்திய அதிகாரிகள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். பவுன் கணக்கில் லண்டனுக்குக் கட்ட வேண்டிய தொகைக்கு இந்தியக் கஜானா மேலும் மேலும் ரூபாய் அள்ளிக் கொடுத்தது. அந்தச் சுமை இறங்கிய இடம் இந்தியர் கட்டிய வரி. அதே ஆண்டுகளில் (1892-95) தாதாபாய் நவ்ரோஜி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து, இந்தியாவின் செல்வம் வெளியேறுவதைப் பேசிக்கொண்டிருந்தார். வரவேற்பறைக்கு அது ஒரு பாடப் புத்தக அத்தியாயம். அதையும் தாண்டிப் போய்விடலாம்.

தள்ளி நிற்கும் காமிரா

இப்படி வாக்கியத்தில் வாழும் நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவரும்போது வழக்கமான யோசனை ஒன்று வரும். வெளியே போகலாம், தெருவைக் காட்டலாம், குதிரை வண்டியை ஓட்டலாம். அஸ்க்வித்துக்கு அது தெரியாததல்ல. 1938-ல் லெஸ்லி ஹோவர்டோடு சேர்ந்து பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தைப் படமாக்கியவர் அவர். மேடையில் காணாத நடன விருந்துக் காட்சி அந்தப் படத்தில் பிரமாதமாக வந்தது. திரைக்கதைக்காக ஷாவுக்கு ஆஸ்கார் பரிசே கிடைத்தது. நாடகத்தை அகலப்படுத்தும் கலையில் தேர்ந்த ஒருவர், பதினான்கு ஆண்டு கழித்து வைல்டிடம் வந்தபோது கையைக் கட்டிக்கொண்டார்.

முதல் அங்கத்தைப் பிரித்து, ஜாக்கின் லண்டன் அறைகளில் ஒரு பகுதியை நடத்துகிறார். அவனுக்கு ஒரு வேலைக்காரனைச் சேர்க்கிறார். வசனங்களைச் சற்றே நறுக்குகிறார். மற்றபடி காமிரா மரியாதையான தூரத்தில் நிற்கிறது. பேசுபவர் முகத்தில் போய் முட்டுவதில்லை. ஒருவர் பேசும்போது கேட்பவரின் புருவம் எப்படி ஏறுகிறது என்பதும் சட்டத்துக்குள் தெரிகிறது. ஆசார நகைச்சுவைக்கு அந்தத் தூரம் அவசியம். இரண்டு பெண்கள் தேநீர் மேஜையில் ஒருவரையொருவர் குத்திக் கிழிக்கும்போது, குரலில் தேன் வழிய வேண்டும். கேக் துண்டும் சர்க்கரைக் கட்டியும் ஆயுதமாக வேண்டும். முழு மேஜையும் கண்ணில் பட்டால்தான் போர் புரியும்.

அரங்க அமைப்பு கார்மன் டில்லனுடையது. லாரன்ஸ் ஒலிவியேயின் ‘ஹாம்லெட்’ (1948) படத்துக்காக ஆஸ்கார் வாங்கியவர். இந்தப் படத்துக்காக 1952 வெனிஸ் விழாவிலும் பரிசு பெற்றார். டெஸ்மண்ட் டிக்கின்சனின் ஒளிப்பதிவில் டெக்னிகலர் வண்ணங்கள் மிட்டாய்ப் பெட்டியைத் திறந்தது போல இருக்கின்றன. எல்லாம் கொஞ்சம் அதிகப்படி, எல்லாம் கொஞ்சம் பொய். பொய்யைப் பற்றிய நாடகத்துக்கு அது பொருத்தம்தான்.

நடிகர்களின் தேர்வு இன்னொரு பலம். முந்தின ஆண்டு அஸ்க்வித்தின் ‘தி பிரவுனிங் வெர்ஷன்’ படத்தில் உடைந்துபோன பள்ளி ஆசிரியராக நடித்து கான் விழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கிய மைக்கேல் ரெட்கிரேவ் இதில் ஜாக். மைக்கேல் டெனிசன் அல்ஜெர்னான். ஜோன் கிரீன்வுட்டின் கரகரத்த, பூனை போன்ற குரல் குவெண்டலினுக்கு. டோரதி டுட்டின் சிசிலி. மிஸ் பிரிசமாக மார்கரெட் ரூதர்ஃபோர்டும் பாதிரியாராக மைல்ஸ் மாலெசனும் வெட்கப்பட்டுக் காதலிக்கும் காட்சிகளில் வயது மறந்துபோகிறது. ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ (1940) படத்தில் மைசூர் சாபுவோடு நடித்த சுல்தான் இதே மாலெசன்தான்.

ஒரு சொல்லின் சங்கதி

எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுபவர் லேடி பிராக்னெலாக வரும் எடித் இவான்ஸ். 1939-ல் ஜான் கில்குட் லண்டனில் நடத்திய மேடை நாடகத்தில் இந்த வேடத்தைத் தனதாக்கிக் கொண்டவர். படம் வந்தபோது வயது 64. ஜாக் தான் கிடைத்த இடத்தைச் சொன்னதும் கைப்பை என்ற சொல்லை அவர் திருப்பிக் கேட்கும் விதம் ஆங்கில நாடக உலகில் ஒரு புராணமாகிவிட்டது. அந்த எளிய சொல் கீழிருந்து ஏறி, உச்சியில் நடுங்கி, அருவருப்பும் ஆச்சரியமும் கலந்து இறங்குகிறது. கர்நாடக சங்கீத ரசிகர்கள் இதைச் சங்கதி என்பார்கள்.

பின்னால் வந்த நடிகைகளுக்கு அதுவே பெரும் சுமை. அரங்கம் முழுவதும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கும். 1982-ல் பீட்டர் ஹால் இயக்கத்தில் நேஷனல் தியேட்டரில் நடித்த ஜூடி டென்ச் அதை உரக்கச் சொல்லாமலே கடந்தார். ஆண்களும் சேலைத் தலைப்பைச் செருகுவது போலப் பாவாடை கட்டி இந்த வேடத்துக்கு வந்தார்கள்: பிரையன் பெட்ஃபோர்ட், ஜெஃப்ரி ரஷ், டேவிட் சுஷே. 2024-ல் நேஷனல் தியேட்டர் மறுபடி நாடகத்தை மேடை ஏற்றியபோது ஷரான் டி. கிளார்க் லேடி பிராக்னெல் ஆனார். ஒவ்வொருவரும் எடித் இவான்ஸோடு மல்லுக்கு நின்றுதான் ஆக வேண்டும். திரைப்படம் ஒரு நடிப்பை அழியாமல் வைத்துவிட்டதால் வந்த வினை இது.

ஐம்பது ஆண்டு கழித்து, 2002-ல், ஆலிவர் பார்க்கர் நாடகத்தை மீண்டும் படமாக்கினார். காலின் ஃபர்த், ரூபர்ட் எவரெட், ரீஸ் விதர்ஸ்பூன் என்று நட்சத்திரக் கூட்டம். லேடி பிராக்னெல் மீண்டும் ஜூடி டென்ச். இவர் கதவுகளை அகலத் திறந்துவிட்டார். அல்ஜெர்னான் ராட்சத பலூனில் வந்து இறங்குகிறான். குவெண்டலின் காதலன் பெயரைப் பச்சை குத்திக்கொள்கிறாள். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் வாக்கியம் முடிவதற்குள் காட்சி மாறிவிடுவதால், காதுக்குப் பட்டினி. நகைச்சுவை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இரண்டு படங்களும் இரண்டு பதில் தருகின்றன. அஸ்க்வித்துக்கு அது உதட்டில். பார்க்கருக்கு ஓட்டத்தில்.

ஆனாலும் பார்க்கர் ஒரு நல்ல காரியம் செய்தார். வைல்ட் முதலில் எழுதியது நான்கு அங்க நாடகம். முதல் மேடையேற்றத்தின் தயாரிப்பாளரும் நாயகனுமான ஜார்ஜ் அலெக்ஸாண்டர் அதை மூன்றாகச் சுருக்கச் சொன்னார். வெட்டுப்பட்ட பகுதியில் கிரிப்ஸ்பி என்ற வக்கீல் வருகிறார். ஏர்னெஸ்ட் வொர்திங் சவாய் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பணம் கட்டவில்லை. பாக்கி 762 பவுன் சொச்சம். ஹாலோவே சிறைக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்கிறார். ஏர்னெஸ்டாக நடித்துக்கொண்டிருக்கும் அல்ஜெர்னான் பதறுகிறான். வெட்டுப்பட்டதில் சிலவற்றை 2002 படம் மீட்டெடுத்தது. சிரிப்புக் காட்சிதான் அது. ஆனால் வைல்டின் வாழ்க்கை தெரிந்தவர்களால் சிரிக்க முடியாது.

பூச்செண்டுக்குப் பதில் காய்கறி

‘ஏர்னெஸ்ட்’ முதன்முதலாக மேடை ஏறியது 1895 பிப்ரவரி 14 அன்று, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில். வெளியே பனி. ஹேமார்க்கெட் அரங்கில் வைல்டின் இன்னொரு நாடகமான ‘ஆன் ஐடியல் ஹஸ்பண்ட்’ ஏற்கெனவே வெற்றியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வெற்றி நாடகங்கள். நாற்பது வயதில் லண்டன் அவர் காலடியில் கிடந்தது.

அன்று இரவு அரங்க வாசலில் ஒருவரைப் போலீசார் உள்ளே விடவில்லை. குவீன்ஸ்பெரி பிரபு. கையில் பூச்செண்டுக்குப் பதில் காய்கறிக் கட்டு. தன் மகன் ஆல்ஃப்ரட் டக்ளஸோடு வைல்டுக்கு இருந்த உறவால் கொதித்துப் போயிருந்த தகப்பன். நான்கு நாள் கழித்து வைல்டின் கிளப்புக்குப் போய் அவமானமான ஒரு வாசகத்தைத் தன் பெயர் அட்டையில் எழுதிவைத்தார். வைல்ட் அவதூறு வழக்குப் போட்டார். வழக்கு அவர் மேலேயே திரும்பியது. ஏப்ரல் 5 அன்று கைதானார். கொண்டுபோன இடம் ஹாலோவே. விசாரணையில் அடிபட்ட இடங்களில் ஒன்று சவாய் ஓட்டல். மேடையிலிருந்து வெட்டி எறிந்த காட்சி வீதியில் நடந்தது.

நாடகத்தை உடனே நிறுத்திவிட அலெக்ஸாண்டர் மனம் ஒப்பவில்லை. ஆனால் விளம்பரங்களிலிருந்து ஆசிரியரின் பெயரை எடுத்துவிட்டார். பெயருக்காகவே மனிதர்கள் அல்லாடும் நாடகம், எழுதியவர் பெயர் இல்லாமல் சில வாரம் ஓடியது. மே மாதம் நின்றும் போனது. மே 25 அன்று வைல்டுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை.

அந்த நவம்பரில் அவரை ரெடிங் சிறைக்கு மாற்றினார்கள். வழியில் கிளாப்பம் ஜங்ஷன் நடைமேடையில் கைதி உடையில், மழையில், அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். அடையாளம் தெரிந்த கூட்டம் சுற்றி நின்று சிரித்தது. நாடகத்தில் பெயரில்லாத குழந்தை கிடைத்தது விக்டோரியா நிலையத்தின் பிரைட்டன் தடத்தில். அதே தடத்தில் அடுத்து வரும் பெரிய சந்திப்புதான் கிளாப்பம்.

சிறையில் அவர் ‘சி.3.3’. அது அறை எண். 1898-ல் ரெடிங் சிறை பற்றிய நெடுங்கவிதை அந்த எண்ணையே ஆசிரியர் பெயராகக் கொண்டு வெளிவந்தது. 1899-ல் ‘ஏர்னெஸ்ட்’ நூலாக வந்தபோதும் அட்டையில் வைல்ட் இல்லை. அவருடைய முந்தைய நாடகம் ஒன்றைச் சுட்டி, ‘அதன் ஆசிரியர்’ என்று மட்டும் போட்டார்கள். மனைவி கான்ஸ்டன்ஸ் இரண்டு பிள்ளைகளையும் வெளிநாட்டுக்கு அழைத்துப் போய், ஹாலண்ட் என்று குடும்பப் பெயரை மாற்றினார். மூத்தவன் சிரிலுக்கு வயது ஒன்பது. இளையவன் விவியனுக்கு எட்டு. 1900 நவம்பர் 30 அன்று பாரிசில் வைல்ட் இறந்தார்.

அமைச்சர் வீட்டுப் பிள்ளை

வைல்ட் கைதானபோது பிரிட்டனின் உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் ஹென்றி அஸ்க்வித். பின்னால் 1908 முதல் 1916 வரை பிரதமராக இருந்தவர். வைல்டுக்கு அவர் அந்நியர் இல்லை. 1894 ஜூலையில் அஸ்க்வித் வீட்டு விருந்தில் வைல்ட் தம் பேச்சால் எல்லோரையும் கட்டிப்போட்டதைக் கவிஞர் வில்ஃப்ரிட் பிளன்ட் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டே அந்த விருந்தாளியின் மேல் வழக்கு நடத்திய அரசில் உள்துறை அந்த வீட்டுக்காரரிடம் இருந்தது. வீட்டு அம்மாள் மார்கோவுக்கோ, அவர் கல்யாணத்துக்கு முன்பே, ‘தி ஸ்டார் சைல்ட்’ என்ற தேவதைக் கதையை வைல்ட் காணிக்கையாக்கியிருந்தார்.

அந்தத் தம்பதியின் மகன்தான் ஆந்தனி அஸ்க்வித். 1902-ல், வைல்ட் இறந்து இரண்டாண்டு கழித்துப் பிறந்தவர். பிரதமர் இல்லத்தில் வளர்ந்தவர். பிற்காலத்தில் சினிமாத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். மேட்டுக்குடி வரவேற்பறையின் ஒவ்வொரு இடைவெளியும் ஒவ்வொரு பெருமூச்சும் அவருக்கு வீட்டுப் பழக்கம். அவர் படம் வைல்டின் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. சோகத்தின் நிழலைக்கூடப் படரவிடவில்லை. வைல்ட் எழுதியதை எழுதியபடி, அவர் கேட்ட மெருகோடு, சிரிப்போடு நடக்கவிட்டார். தண்டனை பெற்ற எழுத்தாளனுக்கு அந்த வீட்டிலிருந்து இதைவிட நல்ல மரியாதை வந்திருக்க முடியாது.

சட்டம் மட்டும் அசையவில்லை. வைல்டைத் தண்டித்த 1885-ம் ஆண்டுச் சட்டப் பிரிவு, படம் வந்த 1952-லும் உயிரோடுதான் இருந்தது. கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் அதே ஆண்டு அதே பிரிவில் தண்டிக்கப்பட்டார். மேடையில் மிகப் புகழ்பெற்ற ஜாக் வொர்திங்கான ஜான் கில்குட் மறு ஆண்டு கைதாகி அபராதம் கட்டினார். படத்தில் ஜாக்காக நடித்த ரெட்கிரேவும் வாழ்நாளெல்லாம் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தவர் என்று அவர் மகன் கோரின் தந்தையைப் பற்றிய நூலில் எழுதினார். ஊருக்கு ஒரு பெயர், கிராமத்துக்கு ஒரு பெயர் என்ற வேடிக்கை, அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த சிலருக்கு வேடிக்கையாக மட்டும் இருந்திருக்காது.

இங்கிலாந்து 1967-ல் சட்டத்தைத் தளர்த்தியது. 2017-ல் இறந்துபோன ஆயிரக்கணக்கானவர்களுக்கு மன்னிப்பு வழங்கியபோது வைல்டும் அதில் அடங்கினார். பிரிட்டிஷார் 1860-ல் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்த தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு இன்னும் நீண்ட ஆயுள் பெற்றது. வயது வந்தோரின் இசைவான உறவு அதன் கீழ் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6 அன்று.

சிரில் முதல் உலகப் போரில், 1915-ல் இறந்துபோனார். விவியன் ஹாலண்ட் ஹாலண்டாகவே இருந்துவிட்டார். படம் வந்த இரண்டு ஆண்டில், 1954-ல், தம் கதையை நூலாக எழுதினார். மாற்றிய பெயரோடு வாழ்ந்தவர் அட்டையில் போட்ட தலைப்பு: ‘ஆஸ்கர் வைல்டின் மகன்’. அதே ஆண்டு வைல்டின் நூற்றாண்டு விழாவில் லண்டன் டைட் தெருவிலுள்ள பழைய வீட்டில் பெயர்ப் பலகை பதித்தார்கள். 1995 பிப்ரவரி 14 அன்று, ‘ஏர்னெஸ்ட்’ முதல்முறை மேடை ஏறி மிகச் சரியாக நூறு ஆண்டு ஆன நாளில், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கவிஞர் மூலையில் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் அவர் பெயர் ஏறியது. விழாவுக்கு வந்தவர்களில் கில்குட்டும் ஜூடி டென்ச்சும் உண்டு.

கதையின் முடிவில் ஜாக், தன் பெயர் தொடக்கத்திலிருந்தே தன்னுடையதுதான் என்று கண்டுபிடிக்கிறான். அதற்கு அவனுக்கு மூன்று அங்கம் ஆனது. அவனை எழுதியவருக்கு ஒரு நூற்றாண்டு. இடையில், 1952-ல் ஒரு நாள், கொட்டகை இருட்டில் படத்தின் எழுத்துகள் ஓடியபோது, செயின்ட் ஜேம்ஸ் அரங்கின் விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்ட அதே பெயர் திரையில் வந்தது. சற்றுத் தள்ளி வந்த இன்னொரு பெயர், அஸ்க்வித்.